பூச்சுக்கு அடியில் இருந்த இரண்டு பெயர்கள்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவின் முதலாம் ஆண்டுத் திதிக்காக நல்லதாக நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். போன வாரம் அதைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணன் பிறந்தது சடையங்குப்பத்தில். மழை பிடித்தால் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்மேல் அடுப்பை வைத்து அம்மா கஞ்சி காய்ச்சுவார். நான் ஏழாவதோடு நின்றேன். அவர் விடாமல் படித்துக் கட்டடக் கலைஞர் ஆனார். துறைமுகத்துக் கிடங்குகள் பலவும் அவர் வரைந்தவை. சித்தாளையும் "வாங்கம்மா" என்றே கூப்பிடுவார்.

ராயபுரத்தில் தமக்கென்று கட்டிய வீட்டை, நோயுற்று என்னோடு திருவொற்றியூர் வந்தபோது விற்றார். வாங்கிய மளிகைக்காரர் பெரிய மனதோடு, வாசலில் அண்ணன் பெயருக்கு ஒரு பளிங்குக் கல் பதிக்க இடம் கொடுத்தார். பதிக்க வந்தவர், அண்ணனிடமே வேலை பார்த்த கொத்தனார்.

"கல்லுலயே பேரா! எனுக்கு ரேஷன் கார்டுல மட்டும்தான் கீது நைனா" என்று சிரித்தவர், வாசல் நிலைக்கு வலப்புறம் நான் இடம் காட்டியதும் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க வாணாம். வேற எடம் காட்டு."

"ஏன்?"

"உள்ள ஒரு கல்லு கீது. நான்தான் வெச்சேன். மேல பூசிடுன்னாரு ஒங்கண்ணன்."

நம்பாமல் கொத்தச் சொன்னேன். பூச்சு உதிர்ந்தது. கருங்கல்லில் இரண்டு பெயர்கள்: முனியம்மா, கோவிந்தன்.

உலக யுத்த காலத்தில் அண்ணன் அவசரமாக எழுப்பிய கிடங்குச் சுவர் சரிந்து இறந்த கூலியாட்களாம்; கொத்தனார் சொன்னார். ஆற்று மணல் வரவில்லை என்று, பக்கத்தில் கிடந்த கடல் மணலைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார்கள்.

"உப்பு மண்ணு, புடிக்காதுன்னு சொன்னேன். 'ஒரு செவுருதானே, கலந்துக்கோ'ன்னாரு ஒங்கண்ணன். அப்பால, மழையில சாஞ்சதுன்னு எழுதிக் குட்த்துட்டாரு."

"இத்தனை வருஷம் ஏன்யா சொல்லல?"

"நீ கேட்டியா?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசி வாரத்தில் அண்ணன் "வீட்ட வாங்குனவருகிட்ட வாசல் செவுத்த இடிக்காதீங்கன்னு சொல்லுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காய்ச்சலில் உளறுகிறார் என்று நெற்றியில் ஈரத்துணி போட்டேன். அது உளறல் இல்லை, பிள்ளைகளே.

கூட வந்திருந்த உங்கள் பெரியம்மா அழுதார். "மூடிடுங்க தம்பி. அவரு மானம் போவுது."

எனக்கும் மூடிவிடத்தான் தோன்றியது. அண்ணன் இல்லாவிட்டால் எனக்கு ஏது சோறு? ஆனால் அந்தப் பெயர்களின் மேல் அவர் பெயரை ஒட்ட என்னால் முடியவில்லை. கருங்கல் இப்போது தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. பளிங்குக் கல் நம் வீட்டில், கோணிக்குள்.

அண்ணனை நோயில் தாங்கிய அக்கம்பக்கத்தாருக்கும், சுவரைத் திறந்து வைக்கச் சம்மதித்த மளிகைக்காரருக்கும், உண்மை சொன்ன கொத்தனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிக்கும் உறவினர்களே, நண்பர்களே, முனியம்மா, கோவிந்தன் வீட்டாரை அறிந்தவர்கள் தயவுசெய்து அழைத்து வாருங்கள். திதியன்று முதல் பந்தியில் அவர்களுக்குத்தான் இலை. அண்ணன் பெயரைப் பதிக்கலாமா என்று அவர்களைத்தான் கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால், வேண்டாம்.