மூன்றாம் பக்கத்துக் கவனக்குறைவு

எனக்கு எதையும் தோண்டிப் பார்க்கிற புத்தி. அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினில் ஆபரேட்டராக இருந்தேன். பக்கத்து மெஷினில் கல்லாவி என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவர்; எங்களுக்குக் கல்லாவிக்காரர். நாலு வருஷப் பழக்கம். ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. அவர் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் சுத்தமாக இருந்தன. பாதுகாப்பு விதியை மதிக்காமல் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் அந்த மெஷினில் நான்கு நாளாக வேலை செய்யவில்லை. மெஷின் பழுதுகளைக் குறிக்கிற லாக் புக்கில் அதை எழுதி வைத்ததே நான்தான்.

கம்பெனி அந்தச் செய்தியைக் கத்தரித்து அவர் ஃபைலில் வைத்தது. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று மெமோவும் கொடுத்தது. விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. விரல் போனது போதாதென்று வேலையும் போகிற நிலைமை.

கோபத்தைவிட எனக்கு ஒரு குடைச்சல்தான் அதிகம். மெஷின் பக்கமே வராத நிருபருக்குக் கவனக்குறைவு மட்டும் எப்படித் தெரிந்தது? கிளை நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பர்களைப் புரட்டினேன். கண்ணில் பட்ட விபத்துச் செய்திகள் எல்லாவற்றிலும் தொழிலாளிதான் கவனக்குறைவு. ஒரு மெஷின்கூடத் தப்பு செய்ததில்லை. இவ்வளவு ஒழுக்கமான மெஷின்கள் வேறு எந்த ஊரிலும் இருக்காது.

நிருபரைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். செய்தி எழுதுவதும் அவர்தான், கம்பெனிகளிடம் விளம்பரம் பிடிப்பதும் அவர்தான். போனில் தெலுங்கு, கடைக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். சண்டை போடத்தான் போனேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"மெஷினை நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களே சார். கம்பெனில இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க, எழுதினேன்."

"அடிபட்டவரைக் கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார். பிறகு, "நடந்ததை எழுதிக் குடுங்க. திருத்தம் போடச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். மெஷின் நம்பர், சென்சார் பழுதான தேதி, லாக் புக் பக்கம் என்று ஒன்று விடவில்லை. நாலாம் நாள் திருத்தம் வந்தது. ஐந்து பிரதி வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

விசாரணைக்கு அவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். விசாரணை அதிகாரி திருத்தத்தை இரண்டு தடவை படித்தார். "தொழிலாளி ஒருவர்னு இருக்கு. யார் அந்தத் தொழிலாளி?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். பெயரைக் காணோம். பேப்பர்காரர்களைத் திட்ட வாயெடுத்தபோதுதான் உறைத்தது. என் கடிதத்திலேயே பெயர் இல்லை. எங்கள் கம்பெனியில் லீவு லெட்டரிலிருந்து லாக் புக் வரைக்கும் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிற டோக்கன் நம்பர்தான். அதே பழக்கத்தில் அவருடைய டோக்கன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேப்பர்காரர்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தொழிலாளி ஒருவர் என்று போட்டுவிட்டார்கள்.

விசாரணையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்ததும் கல்லாவிக்காரர் கேட்டார்: "ஏம்ப்பா, எம் பேரு உனக்குத் தெரியாதா?"

அவமானமாக இருந்தது. அடிபட்டவரைக் கேட்காமல் நிருபர் எழுதினார் என்று குதித்தேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்? எழுதியதை ஒரு தடவை அவரிடம் காட்டியிருந்தால் போதும்.

மறுபடியும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். நிருபர் உதட்டைப் பிதுக்கினார். "திருத்தத்துக்குத் திருத்தமெல்லாம் போடமாட்டாங்க சார். கூட வேலை செய்யறவரு ஒருத்தர் தன் பேரைப் போட்டு நடந்ததைச் சொன்னா, அது புதுச் செய்தி. அப்ப போடலாம். சொல்றீங்களா?"

வாடகை வீடு, கைக்குழந்தை எல்லாம் கண் முன்னால் வந்தன. பயந்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்னேன். இந்தத் தடவை நிருபர் நோட்டை எடுத்துக்கொண்டு கல்லாவிக்காரர் அறைக்கும் வந்து அவரிடமே கேட்டு எழுதினார்.

செய்தி வந்தது. அதிகாரி லாக் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். கல்லாவிக்காரர் மெமோ ரத்தானது, அவருக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த குற்றம்.

என் விசாரணை நாளில் அதே அதிகாரிதான் இருந்தார். உங்களுக்குத் துணையாகப் பேச சக தொழிலாளி யாராவது உண்டா என்று கேட்டார். நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. யாருக்கு வேலை மேல் ஆசை இருக்காது? உண்டு என்று கதவுப் பக்கமிருந்து குரல் கேட்டது. கல்லாவிக்காரர் உள்ளே வந்து, துணைக்கு வருகிறவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வாங்கி மேஜையில் வைத்து, இடது கையில் பேனாவைப் பிடித்தார். கையெழுத்துப் போட்டு முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.