டயர் விளக்கும் சாவி ஆணியும்

எங்கள் காரில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. வாய் திறந்த சட்டி போல ஒரு படம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் அது எரிய வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். அந்தச் சட்டியால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். றொசல்லவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வாழ்க்கைப்பட்டது ஹட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில். கடையை என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பார்க்கிறார்கள். பெயருக்குத்தான் சேர்ந்து. கல்லாவில் உட்காருவது அண்ணன்தான். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன்.

கார் என் பெயரில், என் சம்பளத்தில், நான் பாடசாலை போய்வருவதற்காக வாங்கியது. ஆனால் சாவி என் கைப்பையில் இருக்கவில்லை. கல்லாவுக்கு மேலே லட்சுமி படம், படத்துக்குக் கீழே வரிசையாக ஆணிகள். கடைச் சாவி, ஸ்டோர் சாவி, லொறிச் சாவி எல்லாம் அங்கேதான் தொங்கும். கடைசி ஆணியில் என் கார்ச் சாவி. தினமும் காலையில் அதை எடுக்க வேண்டுமென்றால் அத்தானின் தலைக்கு மேலே கையை நீட்ட வேண்டும். கை நீட்டுமுன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் அன்றைய வானிலையிலிருந்து வண்டியின் சத்தம் வரை விசாரித்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

வாங்கிய முதல் வருஷமே மே மாத மழையில் ஒரு சங்கதி நடந்தது. மெயின் ரோட்டிலிருந்து பாடசாலைக்கு ஏறும் தோட்டத்துப் பாதை மழை தொடங்கினால் சேறும் கல்லும்தான். காரோடு வந்த டயர்கள் தார் ரோட்டுக்கு மட்டும் ஆனவை. ஒரு வளைவில் கார் அப்படியே பின்னால் வழுக்கி ரோட்டோரக் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள்.

"டீச்சரம்மா, நீங்க எறங்கி ஓரமா நில்லுங்க. நாங்க தூக்கி வச்சிர்றோம்" என்றார்கள். சொன்னபடியே தூக்கியும் வைத்தார்கள். அன்று நான் பாடசாலைக்குள் நுழைவதற்கு முன்பே கதை நுழைந்துவிட்டது.

அதன் பிறகுதான் மழைக்கென்று ஆழமாகப் பள்ளம் வெட்டிய நான்கு டயர்களை, தனி ரிம்மோடு, கினிகத்தேனையில் வாங்கினேன். மழைக்கு இந்த நான்கு. மழை விட்டபிறகு பழைய நான்கு. ஜெக் வைத்துத் தூக்கி, ஆணி கழற்றி, சக்கரத்தை மாற்றிப் பூட்ட நானே பழகிக்கொண்டேன். அத்தானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நுவரெலியாவுக்கு சீசன் கேள்விப்பட்டிருக்கேன். டயருக்குமா சீசன்? நல்லாருக்கேம்மா" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சக்கரம் மாற்றிய மறுநாள் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. முதலில் கொஞ்ச நேரம் விட்டு விட்டுச் சிமிட்டியது. அப்புறம் நிலையாக நின்று எரிந்தது. அத்தான் கடையிலிருந்து இறங்கி வந்து கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டார். சாவியைத் திருகி எடுத்தார்.

"கோளாறு வண்டிய பொம்பளப் புள்ள கையில குடுக்க ஏலாது. லைட்டு அணையிற வரைக்கும் நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

என் கணவர் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரங்களை நினைக்கவே பிடிக்கவில்லை. நான் என் சொந்தக் காரின் இடப்பக்கம் உட்கார்ந்து பாடசாலைக்குப் போனேன். பின் சீட்டில் கருவாட்டு மூட்டை. போகிற வழியில் ஒவ்வொரு தோட்டத்துச் சில்லறைக் கடைக்கும் சரக்கு இறக்குவார். மணி அடித்தபிறகுதான் போய்ச் சேருவேன். வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைச் சுருக்கி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் காரில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஏனென்றால் காரோடு வந்த புத்தகத்தைப் படித்திருந்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. போன் கமராவைப் பக்கம் பக்கமாகக் காட்டி, அது தமிழ் என்று சொல்லித் துப்பியதை நான் மறுபடி தமிழாக்கிப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சின்ன சென்சர் இருக்கிறது. காற்று எவ்வளவு என்று அளந்து காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கு நேரடியாக நின்று எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. சிமிட்டிவிட்டு எரிந்தால் காற்றில் குறையில்லை, சென்சரின் பேச்சுத்தான் காருக்குக் கேட்கவில்லை. என் மழை ரிம்களில் சென்சரே இல்லை. பிறகு எப்படிக் கேட்கும்?

இதை அத்தானிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"சிமிட்டுனா என்னா, சிமிட்டாட்டி என்னா? எரியுதா இல்லயா?" என்றார்.

"எரியுதுங்க அத்தான். ஆனா..."

"அப்ப சரி" என்று சாவியை ஆணியில் மாட்டினார்.

என் கணவரை ஓட்டச் சொல்லி டயர் கடைகளுக்குப் போனேன். ஹட்டனில் ஒருவர் நான் பேசப் பேச என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரிடம், "பல்ப கழட்டிரலாம் சார், ரெண்டு நிமிச வேல" என்றார். கினிகத்தேனையில் இருந்தவர் சிங்களத்தில் பேசினார். "கணன் கன்ன எப்பா மிஸ்" என்று கையை வீசினார். கணக்கில் எடுக்க வேண்டாமாம். நான் எடுக்கமாட்டேன், ஐயா. எங்கள் வீட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கிறாரே!

சரி, நானே செய்கிறேன் என்று முடிவு கட்டினேன். கொழும்பிலிருந்து நான்கு சென்சர்களும், ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிற ஒரு சின்னக் கருவியும் வரவழைத்தேன். டயரை ரிம்மிலிருந்து தகட்டால் அமுக்கிக் கழற்ற மட்டும் இயந்திரம் வேண்டும். அதனால் மறுபடி கினிகத்தேனை. "வால்வு பக்கம் மட்டும் தகடு வச்சு அமுக்காதீங்க, உள்ள சென்சர் இருக்கும்" என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. நான்காவதைப் பூட்டியபிறகு கடைக்காரருக்கு ஒரு போன் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பூட்டியது சரியில்லையென்று திரும்பவும் கழற்றினார், சரியாக வால்வின் மேலேயே தகட்டை வைத்து. சடக்கென்று ஒரு சத்தம்.

"ஏதோ பிளாஸ்டிக் துண்டு மிஸ். தேவையில்லாத சாமான்" என்று குப்பை வாளியில் போட்டார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. வாளிக்குள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு சென்சர் வரும்வரை இன்னும் சில வாரம் கருவாட்டோடு பயணம் போனேன்.

புதியது வந்தது. ஒரு சனிக்கிழமை, அத்தான் சாப்பிடப் போன நேரம் சாவியை எடுத்து, கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, கருவியைச் சொருகி, ஒவ்வொரு சென்சரின் இலக்கத்தையும் போனில் தட்டிப் பதிந்தேன். போன் ஏற்க மறுத்தது. திரும்பவும் தட்டினேன். திரும்பவும் மறுத்தது. சைபரும் 'ஓ' எழுத்தும் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அது ஏற்றுக்கொண்டதும் மல்லியப்புச் சந்திவரை ஓட்டிப்போய் வந்தேன். திரும்பும் வழியில் சட்டி அணைந்தது. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

விளக்கு அணைந்துவிட்டதென்று சொல்லிச் சாவிக்குக் கை நீட்டியபோது அத்தான் தலையை ஆட்டினார். திரும்பவும் என் காரை நானே ஓட்டினேன். சீட்டில் கருவாட்டு வாடை மட்டும் போகவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றால் சந்தனமும் குங்குமமும் படாத சாமான் இருக்காது. தராசு, கல்லாப்பெட்டி, ஃப்ரிட்ஜ், அரிசி அள்ளும் சிரட்டை, கல்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. வாகனங்களுக்கு அத்தான் தன் கையாலேயே வைப்பார். லொறிக்கு வைத்துவிட்டு என் காருக்கு வந்தார். முன்கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, பின் நம்பர் பிளேட்டுக்கு. கடைசியாக ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில், குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம். சரியாகச் சட்டியின் மேல்.

"அத்தான், அது டயர் லைட்டு இருக்குற எடம்" என்றேன்.

"சாமிக்கு வச்சதம்மா. நல்லதுதான் நடக்கும்."

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை. அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். தராசுப் பொட்டு தைப்பொங்கல்வரை இருந்த வருஷமும் உண்டு. நான் துடைத்திருந்தால் அந்த வருஷம் கடையில் நடந்த ஒவ்வொரு கெட்டதும் என் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, தினமும் காலையில் குனிந்து டயர்களைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு ஓட்டினேன். இத்தனை பாடுபட்டு சென்சர் பூட்டியவள் டயரை உதைத்துப் பார்க்கிறேன்!

லொறி கராஜில் கிடந்த ஒரு நாள் அத்தான் என் காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். நான் பஸ்ஸில் பாடசாலை போனேன். பின்நேரம் பெருமழை. பாடசாலை விடும் நேரத்தில் போன் அடித்தது.

"ஒன் வண்டி நின்னுருச்சும்மா. கினிகத்தேனைக்கு மேல. டயர் போச்சு. இந்த ஆணியெல்லாம் கழட்ட எனக்கு ஏலாது. ஒனக்குத்தானே தெரியும், வந்து பாரு."

மழையில் நனைந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி, கீழே போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கார் ஓரமாகச் சாய்ந்து நின்றது. பின் டயர் கூழாகி, ரிம் விளிம்பு ரோட்டில் தேய்ந்து பல் பல்லாக இருந்தது. உள்ளே ஒரு கம்பித் துண்டு. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அது தெரியாமல் மேட்டில் ஏற்றியிருக்கிறார்.

என்னைக் கண்டதும் குடைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். "எங்க ஒன் சென்சரு? எத்தன நாளு கெடந்து பாடுபட்ட? ஒரு லைட்டு எரிஞ்சிச்சா? ஒண்ணும் எரியல!"

நான் கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஈரக் கட்டை விரலால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து வழிந்தது. அதற்குக் கீழே சட்டி எரிந்துகொண்டிருந்தது. சிமிட்டவில்லை. நின்று எரிந்தது.

அத்தான் ஜன்னலருகே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே ஜெக் வைத்தேன். அவர் எனக்குக் குடை பிடித்தார், அந்த மட்டில் நல்ல மனுஷன்தான். ஸ்பெயார் சக்கரத்தைப் பூட்டி, கிழிந்ததை டிக்கியில் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சட்டி இன்னும் எரிந்தது. டிக்கிக்குள் கிடக்கும் சக்கரத்தில் என் சென்சர் உயிரோடு இருக்கிறது. அங்கே கிடந்துகொண்டும் காற்றில்லை, காற்றில்லை என்று காருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அத்தானின் முகம் தெளிந்தது. "பாத்தியா? டயர மாத்தியாச்சு, இன்னும் எரியுது. அப்ப அது பொய் லைட்டுத்தானே? எறங்கி இந்தப் பக்கம் வா. கோளாறு வண்டி, நானே ஓட்டுறேன்."

அந்த மழையில் எனக்குத் தொண்டைவரை வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இறங்காமல் கியரைப் போட்டேன். அவர் ஓடிவந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டார்.

கடை வாசலில் நிறுத்தியதும் அவர் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டு போய், வழக்கம்போல லட்சுமி படத்துக்குக் கீழே மாட்டினார். மாட்டிவிட்டுக் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனார். என் கணவர் என்னைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், சீனி நிறுக்கப் போனார்.

நான் காருக்குத் திரும்பிப் போய் டூல்ஸ் பையிலிருந்து குறடை எடுத்துவந்தேன். கல்லா ஸ்டூலில் ஏறி, சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். பிறகு அந்தக் கடைசி ஆணியைக் குறடால் பிடித்து, ஆட்டி, பிடுங்கி எடுத்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் கல்லாப்பெட்டியின் மேல் உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் பொட்டைத் துடைத்ததற்குப் பரிகாரமாக அத்தான் காருக்குப் புதுப்பொட்டு வைத்தபோது ஸ்பீடோமீட்டர் கண்ணாடியைத் தொடவில்லை. சுவரில் இருக்கும் ஓட்டையைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது.