வடக்குச் சுவரோரம் ஒரு குழந்தை

எட்னா குட்ரம் எங்கள் நார்ஃபோக் கிராமத்தில் முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்ற மறுவாரமே என் வீட்டுக் கதவைத் தட்டி, தேவாலயச் சாவியைக் கேட்டாள். அப்போது சாவி என் பொறுப்பில் இருந்தது.

"எதுக்குடி? ஞாயித்துக்கிழமையிலேயே உன்னைக் கோயில் பக்கம் பாக்க முடியல."

"ஊர் வரலாறு எழுதப் போறேன். இங்க எல்லா வீட்டு வாசலும் எனக்குத் தெரியும். எதை எவன் எப்பக் கட்டினான்னுதான் தெரியல."

அகராதியை வைத்துக்கொண்டு லத்தீன் படித்தாள். செவ்வாய்தோறும் பஸ் ஏறி நார்விச் ஆவணக் காப்பகத்துக்குப் போய், ஐந்நூறு வருடத்து உயில்களை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மாளிகைக்காரர் மேஜர் ட்ரூரி, தேவாலயத்தைத் தன் முன்னோர் கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்னா நேரே போய் அவரிடமே சொன்னாள்.

"உங்க ஆளுங்க வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே கோபுரம் இருந்திருக்கு மேஜர். பக்க மண்டபத்தை ஊர்க்காரங்கதான் கட்டியிருக்காங்க. பால் கறக்கிறவ ஒருத்தி அதுக்காக ரெண்டு ஆடு எழுதி வெச்சிருக்கா."

மேஜர் சிரித்துவிட்டார். "நீங்க எந்தக் காலத்துல நல்ல சேதி கொண்டு வந்தீங்க, மிஸஸ் குட்ரம்!" என்று சொல்லி, குதிரை லாயத்து மாடியைத் திறந்துவிட்டார். அங்கே தகரப்பெட்டி தகரப்பெட்டியாக மாளிகைக் காகிதங்கள்.

தூசி தட்ட நானும் சில நாள் போவேன். 1985 பிப்ரவரியில் பழைய தோட்டக்காரர் ஏமஸ் லார்ட்டரின் நாட்குறிப்புகள் கிடைத்தன. தேவாலயக் கல்லறையில் குழி தோண்டியவரும் அவர்தான். முட்டைக்கோஸையும் நத்தைகளையும் பற்றி அவர் எழுதியிருந்ததை எட்னா சிரிக்கச் சிரிக்கப் படித்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள். நோட்டை என்னிடம் நீட்டினாள்.

'மார்ச் 9, 1951. பட்டாணி விதைத்தேன். மாலையில் குட்ரம் வீட்டுக் குழந்தை. பெண். வடக்குச் சுவரோரம், இரண்டாவது முட்டுச்சுவரை ஒட்டி. கொஞ்சம் ப்ரிம்ரோஸ் பூ வைத்தேன்.'

மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கு அந்தக் காலத்தில் ஜெபமும் இல்லை, பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. எட்னா தன் குழந்தையைப் பார்ப்பதற்குள் செவிலி எடுத்துப் போய்விட்டாள். புருஷன் சிரில் பெட்டியை ஏமஸிடம் கொடுத்துவிட்டு வந்து, "முடிஞ்சுது" என்றானாம். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவேயில்லை.

"பொண்ணு," என்றாள் எட்னா. "எனக்குப் பொண்ணு பொறந்திருக்குடி."

"இதைத் தேடித்தான் வந்தியா?"

"சத்தியமா இல்ல. தோட்டத்துச் சுவரு எப்பக் கட்டினதுன்னுதான் பாத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலடி."

மறுநாள் காலையில் சிரிலைத் தேவாலயத்துக்குக் கூட்டி வந்தாள். வழி காட்ட நான் முன்னே போனேன். தேவையே இருக்கவில்லை. சிரில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தானாகவே, வடக்குச் சுவரைத் தாங்கி நின்ற இரண்டாவது முட்டுச்சுவருக்குப் போய் நின்றான்.

"உனக்குத் தெரியுமா?" எட்னாவின் குரல் உயர்ந்தது.

"அன்னிக்கு கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"முப்பத்திநாலு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி!"

"நீ கேக்கல. நானா சொன்னா அழுவியோன்னு..." அவன்தான் அழுதான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, ஈரப்புல்லில் பக்கத்தில் உட்காரவைத்தாள். நான் சற்றுத் தள்ளிப் போனேன். ஆனாலும் காதில் விழுந்தது.

"பேரு வைக்கணும்," என்றான் சிரில். "எங்கம்மா பேரை வைக்கலாமா?"

"உங்கம்மா பேரா? ஆளை விடு!"

"அப்ப நீயே சொல்லு."

"மெரியல். அப்பவே நினைச்சு வெச்சதுதான்."

சிரில் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

ஏப்ரலில் பாதிரியார் அந்த இடத்தில் நின்று ஜெபம் சொன்னார். மேஜர் பின்னால் தடியூன்றி நின்றிருந்தார். பிறகு சின்னக் கல் ஒன்றை நட்டோம். கல்தச்சன் எழுத்துகளை நெருக்கிவிட்டானென்று எட்னா அவனோடு ஒருபாடு சண்டை போட்டாள். சிரில் பக்கத்தில் நின்று, அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.