செக்கரும் ஜோடி வார்த்தைகளும்

பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் செக்கருக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியை வேலையோடு விட்டுவிட்டு வருவாரா என்றால், அதுதான் இல்லை. வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மைத்துனன் சிரித்தபடி வந்தால், எதற்கு அடி போடுகிறான் என்று யோசிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஒரு மாதமாக, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் மனைவி குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வருவதில்லை. குழாய் ஓடும், கூடவே கிசுகிசுவென்று பேச்சு. போனும் உள்ளேதான். செக்கர் விடுவாரா? கதவில் காதை வைத்தார்.

“மேக் எ டிசிஷன். மேக் எ மிஸ்டேக். டூ எ மிஸ்டேக் இல்ல, மேக் எ மிஸ்டேக்.”

அவருக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. என்ன முடிவு எடுக்கப் போகிறாள்? எது தப்பாம்? தன்னைக் கட்டிக்கொண்டதா?

“உள்ள யாருகூடப் பேசுற?”

“யாருமில்லீங்க. பாட்டு.”

பாட்டாம், பாட்டு! வாய் கூசாமல் சொல்கிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் கதவோரம் நின்றார். விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் “மேக் எ மிஸ்டேக்” என்று முணுமுணுக்க, டிக்கெட்டை நீட்டியவர் அரண்டுபோனார்.

ஒரு விடுமுறை நாளில் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே அவளுடைய போன் அடித்தது. செக்கர் பாய்ந்து எடுத்தார். ஆண் குரல், இங்கிலீஷில், அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது. மாட்டினான்டா!

“அப்படி யாரும் இங்க கிடையாது. வைடா போனை!”

காலி வாளியோடு இறங்கிய மனைவி படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயோ, யாரைத் திட்டினீங்க? எங்க கம்பெனி மேனேஜர் கூப்பிடுறேன்னாரே! வெளிநாட்டு ஆர்டருக்குப் பதில் சொல்ற வேலைங்க. இங்கிலீஷ்ல பேசிக் காட்டணும். இது போச்சுன்னா சாகுற வரைக்கும் அட்டைப்பெட்டிதான் ஒட்டணும். ஒரு வார்த்தைக்கு எந்த வார்த்தை ஜோடின்னு ராப்பகலா படிச்சேனே!”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். இங்கிலீஷ் படிச்சு எவன்கூடப் பேசப் போறேன்னு கேட்டீங்க.”

அவள் அழவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அழுதிருந்தாலே தேவலை. செக்கருக்குச் சீ என்று ஆகிவிட்டது. வந்த எண்ணையே திரும்ப அழுத்தினார்.

“சார், ஐ மேட் எ மிஸ்டேக். பிளீஸ், மை வைஃப்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. போனை மனைவியிடம் நீட்டினார். முதலில் திணறினாள். பிறகு வார்த்தைகள் ஜோடி ஜோடியாக வந்தன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திங்கட்கிழமை ஆபீசுக்கே வரச் சொல்லிட்டாங்க,” என்று போனை வைத்தாள். முகம் மலர்ந்திருந்தது. சட்டென்று கண்ணை இடுக்கினாள்.

“ஏங்க, ‘டிட்’னு சொல்லாம ‘மேட்’னு கரெக்டா சொன்னீங்களே, எத்தனை நாளா கதவுக்கு வெளிய நின்னீங்க?”

செக்கர் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்ட ஆளாட்டம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.