தண்டில் சுற்றிய சட்டை

குழி தோண்டும் இயந்திரத்தை நெளுக்குளத்தில் ஒரு கடையில் வாங்கினோம். உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டுவது. ஆளுயரத் திருகு ஒன்று சுழன்று மண்ணுக்குள் இறங்கும். தர்மபுரத்தில் எங்கள் காணியில் வைத்த தென்னம்பிள்ளைகளில் பாதியைக் கட்டாக்காலி மாடுகள் கடித்துவிட்டன. மாரிக்கு முன்னர் சீமெந்துத் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடிக்க வேண்டும். அலவாங்கால் இரண்டு நாள் தோண்டியதிலேயே என் கணவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

கடையில் இவர் பன்னிரண்டு அங்குலத் திருகில் கை வைத்தார். கடைக்காரர், எங்கள் வயதுள்ள முஸ்லிம் மனிதர், தலையாட்டினார்.

"உங்கட தூணுக்கு ஒன்பது அங்குலம் காணும். அகலம் கூடினா காஞ்ச மண்ணுல இறங்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். உழவு இயந்திரத்தின் சுழற்சியைத் திருகுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டையும், அதை மூடியிருந்த கறுப்புக் குழாயையும் தட்டிக் காட்டினார். "இந்த மூடிய மட்டும் கழட்டிராதீங்க."

மூன்றாம் நாள் இவர் அதைக் கழற்றினார். கிரீஸ் போட இடைஞ்சலாம். நான் சொல்லிப் பார்த்தேன். "நான் இருவது வருசமா மிசின் ஓடுறன்" என்றார்.

காணியின் பின்மூலையில் மண் கல்லாக இருந்தது. திருகு மேலே நின்று சுற்றியதே தவிர, இறங்கவில்லை. இவர் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"கொஞ்சம் அமத்திப் பிடி!"

திருகைத் தாங்கும் இரும்புக் கையில் என் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தேன். வெயிலுக்காக இவருடைய பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டிருந்தேன். திருகு ஒரு சாண் இறங்கியது. அந்தச் சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

இழுத்தது தெரியவில்லை. இடுப்பில் யாரோ பிடித்து முறுக்கியதுபோல இருந்தது. அடுத்த கணம் என் நெஞ்சு தண்டோடு ஒட்டிக் கிடந்தது. என் வாயிலிருந்து சத்தம் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. இவர் கிளச்சை மிதித்து எஞ்சினை நிறுத்தியிருந்தார்.

எல்லாம் நின்ற பிறகுதான் பயம் வந்தது. சட்டை முழுவதும் கயிறுபோல் தண்டில் சுற்றியிருந்தது. வலது கை அதற்குள். பொத்தான்கள் எங்கே போயினவோ. மூச்சை வெளியே விடலாம். உள்ளே இழுக்க இடமில்லை.

இவர் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தார். திருகு மண்ணைக் கவ்வியிருந்ததால் அசையவில்லை. துணியைக் கிழிக்கப் பார்த்தார். பிறகு ஆசனத்தை நோக்கி ஓடினார்.

"ஸ்டாட் பண்ணாதேங்கோ!" என்று மிச்ச மூச்சில் சொன்னேன். "எந்தப் பக்கம் சுத்துமோ தெரியாது."

"கத்தி வீட்டிலைதான் கிடக்கு."

"போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"உன்னை விட்டிட்டோ?"

"வேறை ஆர் இருக்கினம்? ஓடுங்கோ!"

வீடு ரோட்டோரம். போய்வரக் கால் மணித்தியாலம் ஆகும். அவருடைய காலடிச் சத்தம் தேய்ந்துபோனது. சூடான இரும்பு கன்னத்தில் சுட்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. போர் முடிந்து செட்டிகுளத்து முகாமில் அடைபட்டிருந்த மாதங்களில்கூட வேலிவரை நடந்து திரும்பலாம். இங்கே ஒரு விரற்கடை தூரமும் என்னுடையதாக இருக்கவில்லை.

அப்போதுதான் மாடுகள் வந்தன. வேலி இன்னும் அடிக்காத பக்கத்தால் நாலு மாடுகள் ஆறுதலாக நுழைந்தன. முன்னால் வந்த சிவப்பு மாடு முதல் தென்னம்பிள்ளையின் குருத்தைக் கடித்தது. "ஏய்" என்று கத்த மூச்சைச் சேர்த்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. மாடு என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. அடுத்த பிள்ளைக்குப் போனது. ஒவ்வொரு வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான். கண்ணை மூடினேன், குருத்து முறியும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இவர் மீன் வெட்டும் கத்தியோடு வந்தார். "மெல்ல" என்றேன். துணியை இழையிழையாக அறுத்தார். கடைசி முறுக்கு விட்டதும் நான் மண்ணில் விழுந்தேன். அவரும் பக்கத்தில் குந்திவிட்டார். இருவரும் மாடுகளை விரட்டவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவில்லை என்றார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே ஊதா நிறப் பட்டை ஒன்று பல நாள் கிடந்தது.

மழை வரப்போகிறது, குழிகளோ பாதிகூட முடியவில்லை. உதவிக்கு வேறு ஆள் இல்லை. இரண்டு கிழமை கழித்து இவர் மூடியைத் திரும்பப் பூட்டினார். எஞ்சின் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாக ரோட்டுக்கு நடந்தன. பஸ் நிற்குமிடம்வரை போய் நின்றேன். எங்கே போவது? திரும்பி வந்தேன்.

"இறங்குங்கோ. நான் ஓடுறன்."

"உனக்குத் தெரியாதே."

"சொல்லித் தாங்கோ. பின்னாலை நிக்க மாட்டன்."

அவர் இறங்கினார். எந்த நெம்புகோலை எப்போது இழுப்பது என்று காட்டிவிட்டு எட்டிப்போய் நின்றார். திருகு இறங்காத இடத்தில் யாரும் அதில் சாயக்கூடாது என்றேன். தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு மறுநாள் தோண்டினோம். ஆனால் ஆசனத்திலும் விடுதலை இல்லை. கழுத்தைப் பின்னால் திருப்பி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் அது அசையும்போதெல்லாம் கிளச்சை மிதித்துத் திருகை நிறுத்தினேன்.

கடைசிக் குழி முடிந்து எஞ்சினை நிறுத்தினேன். எழும்ப முடியவில்லை. இடது கால் கிளச்சில் விறைத்துப்போயிருந்தது. அவர் வந்து குனிந்து, இரண்டு கைகளாலும் என் பாதத்தைப் பிடித்து மெல்லத் தூக்கி விட்டார்.