ஏழு நிமிடம் அசையாதவர்

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.20. மட்டக்களப்பு வாவிக்கரை. ஊசித்துளைக் கமரா, ஒளியை மெல்ல வாங்கும் மெதுவான பிலிம் தாள் ஒன்று. ஒளிபடும் நேரம் ஏழு நிமிடம்.

மெதுவான பிலிமில் அசைபவர்கள் பதிய மாட்டார்கள். படத்தில் ஆட்கள் விழவேண்டுமென்று என் மனைவி எப்போதும் வேகமான பிலிமையே வாங்கச் சொல்வாள். அவள் மறைந்த மூன்றாம் மாதம், மனிதரற்ற வாவியொன்றே எனக்கு வேண்டியிருந்தது.

வீச்சுவலையுடன் ஒரு மீனவர் இடுப்பளவு நீரில் நின்றார்.

"விலகி நில்லுங்கோ. ஏழு நிமிடம் அசையாமல் நிற்பவர்தான் இந்தப் படத்தில் விழுவார்" என்றேன், சற்றுக் கடுமையாகவே.

"ஏழு நிமிசமா ஐயா? மீன் வாறமட்டும் அதவிடக் கூட நிப்பன். மூச்சு விடலாந்தானே?"

அவர் விலகவில்லை; எப்படியும் அசைவார், பதியமாட்டார் என்று கமராவின் துளையைத் திறந்தேன். நான்காம் நிமிடத்தில் அவரருகே மீன்கூட்டம் ஒன்று துள்ளிக் கடந்தது. கையிலிருந்த வலை அசையவில்லை. நான் துளையை மூடியதும் அவர் சிரித்தார்: "போகட்டும் ஐயா, நாளைக்கும் வரும்."

கழுவிய படத்தில் வாவி பால்போல் பரந்திருந்தது. நடுவே அவர் தெளிவாக நின்றார். ஆளற்ற நீரைவிட அது எவ்வளவோ மேலானது. மனைவி சொன்னதே சரியென்று அவள் உயிரோடிருந்தபோது நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

இன்னும் செய்யாதவை:
மீனவரின் பெயரைக் கேட்பது.
படத்தின் பிரதியை அவரிடம் கொடுப்பது.
மனைவியின் மூக்குக்கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்துவைப்பது.