காதர் பாய்க்கு நான் சொன்ன கீழ்வீடு

காய்ந்த ஃபெவிகாலை விரலில் இருந்து உரித்தால் தோல் மாதிரியே வரும்... ரேகைகூட அதில் பதிந்திருக்கும். நான்காம் வருடம் ஆர்க்கிடெக்சர் படித்தபோது என் விரல்கள் மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தன.

நேற்று எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ என் பழைய மாடலின் போட்டோவைப் போட்டிருந்தார்கள். வெள்ளை சன்போர்டு அட்டையில் நான்கு மாடி, கீழே பெரிய சமுதாயக் கூடம். 'நம்ம பேட்ச்லயே பெஸ்ட்' என்று வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். என்னால் பதில் போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த செமஸ்டருக்கு எங்களுக்குக் கொடுத்த இடம், காளவாசல் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் கரை. நாற்பது வீடுகள். எல்லாம் ஒற்றை அறை, தகரக் கூரை. அவற்றை எடுத்துவிட்டு, அதே ஆட்களுக்கு அங்கேயே அடுக்குமாடி வீடுகளும் ஒரு சமுதாயக் கூடமும் டிசைன் செய்ய வேண்டும். நிஜமாகக் கட்டப் போவதில்லை... மார்க்குக்காக மட்டும்.

கீழக்குயில்குடியில் இருந்து பஸ் ஏறி வந்து, டேப்பும் நோட்டுமாக நாற்பது வீட்டுக்குள்ளும் போனேன். அடுப்பு எந்தப் பக்கம், யார் எங்கே படுக்கிறார்கள், மழை வந்தால் எது நனையும்... எல்லாம் கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

அதில் ஒன்று காதர் பாய் வீடு. பெயிண்டராக இருந்தவர். சாரத்தில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே டீக்கடை, பள்ளிவாசல் என்று சுற்றி வருவார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா, தையல் கடைகளில் இருந்து சட்டைகளை வாங்கிவந்து காஜா எடுத்து பட்டன் வைப்பார். எப்போது போனாலும் மடியில் ஒரு சட்டை இருக்கும்.

மாடலை முடித்ததும் அவர்களுக்குக் காட்ட ஆசை வந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தெருவே கூடிவிட்டது. காதர் பாய் பலகையில் இருந்தபடியே கழுத்தை நீட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"படி ரொம்ப ஒடுக்கமா இருக்கேம்மா. ரெண்டு பேரு எதுக்க எதுக்க வர முடியாதே."

"எடம் பத்தல பாய். படியக் கொறச்சாத்தான் ஹால் பெருசா வரும்."

"சரி, எங்க வீடு எது?"

இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னலைக் காட்டினேன்.

"மேலயா? அப்ப நான் எப்பிடிம்மா எறங்குறது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன்... அதை நான் யோசிக்கவே இல்லை. சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"உங்கள மாதிரி ஆளுகளுக்குக் கீழ்வீடுதான் பாய் குடுப்பாக. ரூலே இருக்கு."

அப்படி ரூல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. என் மாடலில் கீழே வீடே கிடையாது.

காதர் பாய் தலையாட்டினார். "படிச்ச பிள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்."

மார்க் போட வந்த ஜூரியில் அந்த டிசைனுக்கு முதலிடம். படிக்கட்டைக் குறுக்கி ஹாலைப் பெரிதாக்கியதைத் தனியாகப் பாராட்டினார்கள்.

படிப்பு முடிந்தது. வேலைக்குச் சேர்ந்தேன். வாய்க்காலை அகலப்படுத்த அந்த வீடுகளை எடுத்துவிட்டார்கள், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம், காளவாசல் பஸ் ஸ்டாப்பில் மும்தாஜ் அக்காவைப் பார்த்தேன். கட்டைப்பை நிறையச் சட்டைகள். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவுக மவுத்தாகி ஏழு மாசம் ஆச்சும்மா."

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார்.

"வீடு ஒதுக்குறப்ப எல்லாரும் கீழ்வீடு வேணும்னு ஆபீசருகளச் சுத்தி நின்னாக. நானும் போயிக் கேக்கட்டுமான்னேன். அவுகதான் விடல. 'அந்தப் பிள்ளதான் சொன்னுச்சே, ரூல் இருக்கு, தானாத் தருவாக'ன்னாக. கடைசில சீட்டுக் குலுக்குனாக... மூணாவது மாடி விழுந்துச்சு."

அப்புறம் போய்க் கேட்டும் மாற்றித் தரவில்லை. இரண்டு வருடம் பாய் ஜன்னல் ஓரத்திலேயே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு என்று இரண்டு தடவை நான்கு பேர் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். அதோடு, யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"மய்யத்தத் தூக்கிட்டுப் போகப் பள்ளிவாசல்லருந்து சந்தூக்குப் பெட்டி வந்துச்சு. படி திரும்புற எடத்துல மாட்டிக்கிருச்சு, மேல ஏறல. பெட்சீட்டுல வச்சுத்தான் அவுகளக் கீழ கொண்டாந்தோம்."



"அக்கா... அன்னைக்கு நான் சும்மா சொல்லிட்டேன். அப்பிடி ரூல் இருக்கான்னே எனக்குத் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"அத அவுககிட்டயே சொல்லியிருக்கலாம்லம்மா."

பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கி ஏற்றிவிட்டேன். படியில் நின்றபடி, "அந்த மூணாவது மாடிலதான் இருக்கேன். ஒரு நாள் வாம்மா" என்றார்.

"வாரேங்க்கா" என்றேன்.

இப்போது நாகமலை புதுக்கோட்டையில் சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஃபெவிகால், சன்போர்டு எல்லாம் போய்விட்டது... எல்லாம் கம்ப்யூட்டரில்தான். "படிக்கு எதுக்கு மேடம் இம்புட்டு எடம்?" என்று வீடு கட்ட வருகிறவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கதையை அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த வயதில், யாரும் கூப்பிடாமலேயே நாற்பது வீட்டுக்குள் கூச்சமில்லாமல் நுழைந்தேன். இப்போது மும்தாஜ் அக்கா கூப்பிட்டு ஆறு வருடமாகிறது. ஒரே ஒரு தடவை அவர் இருக்கும் கட்டிடம் வரை போனேன். ஒடுக்கமான படியில் மேலே இருந்து ஒருவர் துணிக்கூடையோடு இறங்கி வந்தார். அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன்... அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.